உதிர்ந்த ஓவியத்தை ஒட்டியவர்

மௌரோ பெல்லிச்சோலி (1887–1974) இத்தாலியின் ஓவியப் பழுதுநீக்குநர். மிலானில் லியனார்டோ தீட்டிய 'கடைசி இராவுணவு' காய்ந்த சுவரில் வரைந்தது. அதனால் வர்ணம் சுவரோடு பிடிக்காமல் சீக்கிரமே உதிர ஆரம்பித்துவிட்டது. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து கூரை போயிற்று. மணல் மூட்டை அடுக்கிய அந்தச் சுவர் தப்பியது.

1947-இல் பெல்லிச்சோலி வந்தார். எடுத்த எடுப்பில் சுத்தம் பண்ணவில்லை. நம்மூர் ஆசாரி பாலிஷ் போடுகிற அதே அரக்குதான்; மெழுகு நீக்கி, ஆல்கஹாலில் கரைத்து, உதிரும் செதில்களை முதலில் ஒட்டினார். பிறகுதான் அழுக்கையும் பழைய மேல்பூச்சையும் தொட்டார். வேலை 1954 வரை இழுத்தது. அவரிடம் பயின்ற பினின் பிரம்பில்லா, 1977 முதல் 1999 வரை அதே சுவரில் உழைத்தார்.

மெயின்டனன்ஸ் வேலைக்குப் போகும் தம்பி, தங்கைகளே! இருப்பதை விழாமல் பிடியுங்கள், பளபளப்பு அப்புறம்.