நீதிபதி ரோஜர் டிரெய்னர் – ஒரு பொறியாளன் பார்வையில்



இன்ஜினியரிங் படித்தவனுக்கு ஒரு நீதிபதியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்து நீதிபதி, 1983-ல் காலமானவர். ஆனால் இருக்கிறது. நாம் டிராயிங்கில் போடும் கையெழுத்துக்கும் அவர் எழுதிய ஒரு தீர்ப்புக்கும் நேரான சம்பந்தம் உண்டு. ஒர்க் ஷாப்பில் லேத் ஓட்டிய எல்லாருக்கும் அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இளமையும் கல்வியும்

ரோஜர் டிரெய்னர் 1900-ஆம் ஆண்டு யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்ற சுரங்க ஊரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள். பையன் நன்றாகப் படிக்கிறான் என்று பார்த்த பள்ளி ஆசிரியர் ஒருவர், கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போகச் சொன்னார். 1919-ல் அங்கே சேர்ந்தபோது கையில் இருந்த பணம் ஒரு வருஷப் படிப்புக்குத்தான். மீதிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு ஊரிலேயே உட்கார்ந்துவிடவில்லை. முதல் வருஷம் வாங்கிய மார்க்கில் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. நம் கல்லூரியிலும் இப்படிப் படித்து வந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களுக்கு இது புதுக் கதை அல்ல.

அதே இடத்தில் அரசியல் அறிவியலில் டாக்டர் பட்டம், சட்டப் பட்டம் இரண்டையும் வாங்கி, அங்கேயே சட்டப் பேராசிரியரும் ஆனார். வரிச் சட்டம் அவருடைய துறை. 1930-களில் கலிபோர்னியா அரசு விற்பனை வரி, வருமான வரிச் சட்டங்களைக் கொண்டுவந்தபோது, அவற்றை வகுத்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நீதிபதி ஆனது எப்படி?

நம் நாட்டில் மாநிலத்துக்கு ஹைகோர்ட், மேலே டெல்லியில் சுப்ரீம் கோர்ட். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் உச்ச நீதிமன்றம் உண்டு. அந்த மாநிலச் சட்டம் என்ன என்பதில் அது சொல்வதுதான் கடைசி வார்த்தை. கலிபோர்னியாவில் அந்தக் கோர்ட்டில் ஏழு பேர். கவர்னர் நியமிப்பார், பிறகு மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டும்.

1940-ல் கவர்னர் ஓல்சன் முதலில் நியமித்தது மாக்ஸ் ரேடின் என்ற பேராசிரியரை. நியமனங்களைச் சரிபார்க்கும் குழு அவரை நிராகரித்துவிட்டது. அந்த இடம் டிரெய்னருக்கு வந்தது. வயது நாற்பது. அதற்கு முன் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. வாத்தியாருக்கு கோர்ட்டில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு முப்பது வருஷ உழைப்பால் பதில் சொன்னார். 1964-ல் தலைமை நீதிபதி ஆனார். 1970-ல் ஓய்வு பெற்றார். அதற்குள் அவர் எழுதியவை சுமார் 900 தீர்ப்புரைகள்.

வெடித்த பாட்டில்

1944-ல் ஒரு வழக்கு வந்தது. ஓட்டலில் வேலை பார்த்த ஒரு பெண் கோகோ-கோலா பாட்டில்களை ஃபிரிட்ஜில் எடுத்து வைக்கும்போது ஒரு பாட்டில் கையிலேயே வெடித்தது. கையில் ஆழமான காயம். நஷ்டஈடு வேண்டுமானால் கம்பெனி எங்கே கவனக்குறைவாக இருந்தது என்று காட்ட வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஓட்டல் பணிப்பெண் கம்பெனிக்குள் போய் எந்த மெஷினில் காஸ் அதிகமானது, எந்தக் கண்ணாடியில் கீறல் இருந்தது என்று எப்படிக் காட்டுவார்?

மற்ற நீதிபதிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜாக்கிரதையாக இருந்திருந்தால் பாட்டில் சாதாரணமாக வெடிக்காது. ஆகவே கவனக்குறைவு இருந்ததாக ஜூரி ஊகித்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் பெண் ஜெயித்தார். டிரெய்னரும் முடிவை ஒப்புக்கொண்டார். ஆனால் தனியாக ஓர் உரை எழுதினார். கவனக்குறைவு என்று ஏன் சுற்றி வளைக்க வேண்டும், பொருளில் குறை இருந்து ஆளுக்குக் காயம் பட்டால் தயாரித்தவனே பொறுப்பு என்று நேராகவே சொல்லிவிடலாமே என்பது அவர் வாதம். ஆபத்தை முன்கூட்டிப் பார்த்துத் தடுக்க முடிந்தவன் தயாரிப்பாளன். வாங்குகிறவனால் பிரித்துப் பார்த்துச் சோதிக்க முடியாது. விபத்துச் செலவு ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்தால் குடும்பமே கவிழும். விலையில் சேர்த்தால் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கிக்கொள்ளலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்ஜினியர் மூளைக்கு இது உடனே பிடிபடும். ஆனால் அன்று கூட இருந்த ஒருவரும் அதில் கையெழுத்துப் போடவில்லை.

லேத்தும் செட் ஸ்க்ரூவும்

பத்தொன்பது வருஷம் கழிந்தது. 1963-ல் வந்தது கிரீன்மேன் வழக்கு. ரம்பம், டிரில், மர லேத் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த வீட்டு உபயோக மெஷின் ஒன்று. 1955 கிறிஸ்துமஸுக்கு மனைவி வாங்கித் தந்தது. 1957-ல் லேத்துக்கு வேண்டிய உபரி பாகங்களை வாங்கி மாட்டி ஒரு பெரிய மரக்கட்டையைக் கடைந்துகொண்டிருந்தார் கணவர். பல தடவை ஒன்றும் ஆகவில்லை. திடீரென்று கட்டை பறந்து வந்து நெற்றியில் அடித்தது.

நிபுணர்கள் சொன்ன சாட்சியம் நமக்கெல்லாம் பாடம். பாகங்களைப் பிடித்திருந்த செட் ஸ்க்ரூக்கள் போதுமானவையாக இல்லை. சாதாரண அதிர்விலேயே டெயில்ஸ்டாக் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. பிடி விட்டதும் கட்டை பறந்தது. வேறு முறையில் இறுக்கியிருந்தால் விபத்து நடந்திருக்காது. ஜூரி 65,000 டாலர் கொடுக்கச் சொன்னது. அடிபட்டவர் உரிய காலத்தில் எங்களுக்குத் தகவல் தரவில்லை என்று தயாரிப்பாளர் மேல்முறையீடு செய்தார். வியாபார ஒப்பந்தத்துக்கு உரிய அந்த விதி இங்கே பொருந்தாது என்று தள்ளிவிட்டு, 1944-ல் தனியாகச் சொன்னதையே இப்போது முழுக் கோர்ட்டின் தீர்ப்பாக எழுதினார் டிரெய்னர். இந்தத் தடவை ஏழு பேரும் ஒரே பக்கம். கொஞ்ச வருஷத்தில் பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

எல்லாருக்கும் இது பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வழக்குகள் பெருகின, இன்சூரன்ஸ் செலவு ஏறியது என்று தொழிற்சாலைகள் குறைப்பட்டுக்கொண்டன. அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் டிசைன் மேஜையில் உட்காரும்போதே இது உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்கும் வழக்கம் உறுதிப்பட்டதில் இந்தத் தீர்ப்புக்குப் பங்கு உண்டு.

டெண்டர் கதை

சிவில்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடக் கட்டட டெண்டர். தளம் போடும் வேலைக்கு ஒரு சப்-கான்ட்ராக்டர் டெலிபோனில் 7,131 டாலர் 60 சென்ட் என்று ரேட் சொன்னார். அதை நம்பித் தன் டெண்டரைப் போட்டு வேலையையும் எடுத்துவிட்டார் கான்ட்ராக்டர். மறுநாள் போனால், கணக்கில் தப்பு, 15,000-க்குக் குறைந்து முடியாது என்கிறார்! வேறு ஆளை வைத்து 10,948 டாலர் 60 சென்ட்டுக்கு முடிக்க வேண்டியதாயிற்று. ஏற்றுக்கொள்ளும் முன் ரேட்டை வாபஸ் வாங்கலாம் என்பது பழைய சட்டம். நம்பி இன்னொருவர் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்வார் என்று தெரிந்தே சொன்ன வார்த்தைக்குச் சொன்னவர் கட்டுப்பட வேண்டும் என்று 1958-ல் எழுதினார் டிரெய்னர். வித்தியாசமான 3,817 டாலரும் கிடைத்தது.

மனிதரின் தைரியம்

1948-ல் வந்த வழக்கு இன்னும் பெரியது. மெக்சிக வம்சாவளிப் பெண்ணும் கறுப்பின இளைஞரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். மாநிலச் சட்டப்படி அந்தப் பெண் வெள்ளையராகக் கருதப்பட்டதால் லைசென்ஸ் மறுக்கப்பட்டது. அந்தத் தடைச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது, நாலுக்கு மூன்று. முக்கிய உரை டிரெய்னருடையது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அதே முடிவுக்கு வந்தது 1967-ல். இங்கேயும் பத்தொன்பது வருஷம்!

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. போலீஸ் சட்டவிரோதமாகச் சோதனை போட்டுக் கைப்பற்றிய சாட்சியத்தைக் கோர்ட்டில் ஏற்கலாம் என்று 1942-ல் எழுதியவர் அவரே. கோர்ட் ஒதுக்கிவிட்டால் தவிர போலீஸ் திருந்தாது என்று அனுபவம் காட்டியது. 1955-ல் கேஹான் வழக்கில் தன் பழைய தீர்ப்பைத் தானே மாற்றி எழுதினார். பதவியில் இருப்பவர்கள் சாதாரணமாகச் செய்கிற காரியமா இது?

நமக்கு என்ன?

நம் நாட்டில் 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தயாரிப்பாளரின் பொறுப்புக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. உற்பத்திக் குறை, டிசைன் குறை, போதிய எச்சரிக்கை தராதது எல்லாம் அதில் அடக்கம்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் மாதம் ஒரு முறை செலவு குறைப்புக் கூட்டம் நடக்கும். இந்த போல்ட்டுக்கு இவ்வளவு கிரேடு எதற்கு, நாலு இருக்கிற இடத்தில் மூன்று போதாதா என்று பேச்சு வரும். குறைக்கலாம், தப்பில்லை, கணக்கு ஒத்துக்கொண்டால் நானும் கை தூக்குவேன். ஒத்துக்கொள்ளாதபோது அந்த டெயில்ஸ்டாக்கைச் சொல்வேன். முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே கேட்கிறார்கள், நகருமா நகராதா என்று.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் டிராயிங்கில் கையெழுத்துப் போடுவீர்கள். அந்த மெஷின் முன்னால் நிற்கப் போகிறவர் உங்களுக்கு முகம் தெரியாதவர். செட் ஸ்க்ரூவைச் சோதிக்கத் தெரியாதவர். அவர் சார்பில் நீங்கள்தான் சோதிக்க வேண்டும். சரி என்று பட்டதைச் சொல்லும்போது கூட ஒருவரும் கையெழுத்துப் போடாவிட்டாலும் எழுதி வையுங்கள். பத்தொன்பது வருஷம் ஆனாலும் அது வீண் போகாது.