ரோசாப்பூ துரை

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டியையும் ஆனையூரையும் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் சமுதாயத்தார், ஒரு நூற்றாண்டுக்கு முன்பு தம் வீட்டில் அச்சமின்றி உறங்கும் உரிமையையும் இழந்திருந்தனர். 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் அவர்கள்மீது பாய்ந்திருந்தது. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவலர் குறித்த இடத்திற்குச் சென்று தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றனர். ஒருவர் குற்றம் புரிந்தாரா என ஆராய அச்சட்டத்தில் இடமில்லை. பிறந்த குடியே போதிய சான்றாயிற்று. ஒரு சமுதாயத்தைக் குற்றப் பரம்பரை என அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பை எந்த நீதிமன்றமும் வினவக் கூடாது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அச்சட்டத்தின் கொடுமைகளுள் இதுவே தலையாயது எனலாம்.

அம்மக்களுக்காக வழக்காட முன்வந்தவர் ஜார்ஜ் ஜோசப். 1887ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருவிதாங்கூரைச் சார்ந்த செங்கன்னூரில் பிறந்தவர். எடின்பரோவில் தத்துவமும் இலண்டனில் சட்டமும் பயின்றவர். 1909இல் தாயகம் திரும்பி, பின்னர் மதுரையில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார்.

அரசின் அதிகாரம் தனிமனிதரை எவ்வாறு தடுத்து நிறுத்தும் என்பதை அவர் நூல்களில் மட்டும் கற்கவில்லை. தன்னாட்சிக் கோரிக்கையை இங்கிலாந்து மக்களிடம் எடுத்துரைக்க அன்னி பெசன்ட் அம்மையார் 1918இல் அனுப்பிய குழுவில் அவரும் ஒருவர். கப்பல் ஜிப்ரால்டரை அடைந்தபோது, அக்குழுவினர் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர். அடுத்த ஆண்டு, விசாரணையின்றிச் சிறையிட வழிவகுத்த ரௌலட் சட்டத்திற்கு எதிராக மதுரையில் சத்தியாகிரகத்தை முன்னின்று நடத்தினார். ஆலைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவரும் அவரே.

1920 ஏப்ரல் 3ஆம் நாள், பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை பதிய மறுத்துத் திரண்டனர். காவல்துறை சுட்டதில் 16 பேர் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். உயிர் பிழைத்தோர்மீதே வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுக்காக ஜோசப் வாதாடினார். ஒருவரைத் தண்டிக்க வேண்டுமாயின் அவர் செய்த செயல் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பதே சட்டம் பயின்ற அவரது உறுதியான நிலை. அதே அளவுகோலைக் கொண்டே அவர் ரௌலட் சட்டத்தையும் ரேகைச் சட்டத்தையும் எதிர்த்தார். ரௌலட் சட்டத்தை நாடே எதிர்த்தது. ரேகைச் சட்டத்தின் கொடுமையை உணர்ந்து குரல் கொடுத்த படித்தவரோ மிகச் சிலர்.

ஒத்துழையாமை இயக்கத்தின்போது வருவாய் மிக்க தொழிலைத் துறந்தார். அலகாபாத்தில் மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டன்ட்' இதழுக்கு ஆசிரியராகி, 1921இல் சிறை சென்றார். 1924இல் வைக்கம் அறப்போரிலும் கைதானார். மதுரைக்குத் திரும்பிய பின்னரும் ரேகைச் சட்டத்திற்கு எதிரான அவரது பணி தொடர்ந்தது. அதன் முடிவைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 1938 மார்ச் 5ஆம் நாள், தம் ஐம்பதாம் வயதில் மதுரையில் காலமானார்.

சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், நாடெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையையும், அடிப்படை உரிமை பறிக்கப்பட்டால் உச்ச நீதிமன்றத்தை நாடும் உரிமையையும் குடிமக்களுக்கு வழங்கியது. 1952இல் இந்தியா முழுவதும் குற்றப் பரம்பரையினர் சட்டம் ஒழிந்தது.

மேற்சட்டையில் எப்போதும் ரோசாப்பூ சூடியிருந்த அவரைக் கள்ளர் நாட்டு மக்கள் ரோசாப்பூ துரை என்றே அழைத்தனர். அவர்களுள் சிலர் தம் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ எனப் பெயரிட்டனர்.