காரீயத்தின் தடம் தேடிய அலிஸ் ஹமில்டன் அம்மையார்

வைத்தியர்களின் வாழ்க்கை வரலாறுகளை நான் விரும்பிப் படிப்பதுண்டு. அவர்களுட் பலர் நோயாளியின் கட்டிலருகே புகழ் பெற்றவர்கள். தொழிற்சாலைத் தூசிக்குள் நுழைந்து நோயின் பிறப்பிடத்தைத் தேடியவர் என்பதனால் அமெரிக்காவின் அலிஸ் ஹமில்டன் அம்மையாரைத் தனியே வைத்து எண்ணுகின்றேன்.

அவர் 1869ஆம் ஆண்டு நியூயோர்க்கிற் பிறந்து, இந்தியானா மாநிலத்திலே வளர்ந்தார். 1893இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் ஜேர்மனியிற் கற்றபோது, பெண் என்ற காரணத்தால் விரிவுரை மண்டபத்தில் எவர் கண்ணிலும் படாதவாறு ஒதுங்கியிருக்க வேண்டியிருந்தது. 1897இல் சிக்காகோவில் ஜேன் அடம்ஸ் அம்மையார் நடத்திய ஹல் ஹவுஸ் என்னும் சேவை இல்லத்திற் குடியேறினார். அங்கே ஏழைத் தாய்மாரின் குழந்தைகளைக் கவனித்த நாட்களே அவருடைய உண்மையான சர்வகலாசாலை என்பது என் கருத்து.

1910இல் இலினோய் மாநில அரசு தொழில் நோய்களை ஆராயும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. அவர் காரீயத்தின் தடத்தைப் பற்றிக்கொண்டார். வர்ணப்பூச்சிலும் குளியற்றொட்டியின் எனாமலிலும் மட்டுமா அது இருந்தது? சுருட்டைச் சுற்றும் பளபளப்பான தாளிலும், சவப்பெட்டியின் அலங்காரத்திலுங்கூட இருந்தது. தொழிலாளர் கை கழுவாமல் உண்பதே நோய்க்குக் காரணம் என்று முதலாளிமார் சாதித்தனர். அம்மையாரோ அவர்கள் சுவாசிக்கும் தூசியையும் புகையையும் சுட்டிக்காட்டினார். வைத்தியசாலைப் பதிவேடுகளைப் புரட்டினார். தொழிலாளரின் வீடு தேடிச் சென்று விசாரித்தார். 1911இல் இலினோயில் தொழில் நோய்ச் சட்டம் பிறந்தது.

பீங்கான் தொழிற்சாலைகளில் மெருகு பூசும் வேலையிற் பெண்கள் பலர் இருந்தனர். அவர்களின் நிலையைத் தொடர்ந்து ஆராய்ந்த அம்மையார், 1919இல் காரீயத் தொழில்களிற் பெண்கள் என்ற அறிக்கையை வெளியிட்டார். கருத்தரியாமை, கருச்சிதைவு, செத்துப் பிறத்தல், பிறந்த சிசு வலிப்பினால் இறத்தல் என்பன காரீயத்தின் வேலை என்பதற்கு ஐரோப்பாவிற் கிடைத்த சான்றுகளையும் அவர் எடுத்துக்காட்டினார். பிரெஞ்சு வைத்தியர் கொன்ஸ்தாந்தென் போல் 1860இலேயே இதை ஆராய்ந்திருந்தார். தந்தை மட்டும் காரீயத் தொழிலாளியாயினும் தீங்கு நேர்வதை அவர் குறித்திருந்தார். இக்கடைசிச் செய்தியை உலகம் வசதியாக மறந்துவிட்டது!

காரீயம் எலும்பிலே படிந்து பல ஆண்டுகள் கிடக்கும். தாயாகும் காலத்தில் எலும்பிலுள்ள கல்சியம் கரையும்போது அதுவும் இரத்தத்திற் கலந்து கருவைச் சென்றடையும். ஆகவே வேலையை விட்டு நின்றதும் ஆபத்து அகன்றுவிடுவதில்லை. தொழிற்சாலைப் படியை மிதியாத பெண்ணுக்கும் முழுப் பாதுகாப்பில்லை. வங்காளதேசக் கிராமங்களிற் கர்ப்பிணிகளின் இரத்தத்திற் காணப்பட்ட காரீயத்துக்கு, நிறத்துக்காக மஞ்சளிற் சேர்க்கப்பட்ட காரீயக் குரோமேற்று முக்கிய காரணம் என்று 2019இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. சமையலறை மஞ்சளை எவர் சந்தேகிப்பார்?

1919இலேயே ஹார்வார்ட் சர்வகலாசாலை அம்மையாரை அழைத்தது. அதன் முதற் பெண் ஆசிரியர் அவரே. ஆனால் ஆசிரியர் கழகத்துள் நுழையலாகாது, பட்டமளிப்பு ஊர்வலத்திற் செல்லலாகாது என்ற நிபந்தனைகள் உடன் வந்தன. 1935இல் ஓய்வு பெறும்வரை பதவி உயர்வும் இல்லை. பெற்றோலிற் காரீயம் கலப்பதை 1925இல் அவர் எதிர்த்தார்; வீதியில் ஓடும் மோட்டார் வண்டிகளுக்கான காரீயப் பெற்றோல் உலகிலிருந்து ஒழிய 2021 வரை செல்ல வேண்டியிருந்தது.

பெண்களைக் காக்கும் சட்டங்கள் கைநழுவிவிடும் என்று அஞ்சி, சமவுரிமைத் திருத்தத்தை அவர் நெடுங்காலம் எதிர்த்துவந்தார். 1952இல் அவ்வெதிர்ப்பைக் கைவிட்டார். 1970 செப்டெம்பரில், 101ஆவது வயதிற் காலமானார். மூன்று மாதங்களின் பின் அமெரிக்காவிலே தொழிற் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமாயிற்று. மலடு என்பதற்கு வைத்தியச் சான்று காட்டாத பெண்களைக் காரீய வேலையிலிருந்து விலக்கிய மின்கலத் தொழிற்சாலையொன்றின் விதியை, 1991இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் எனத் தீர்த்தது. காரீயம் ஆண்களின் கருவளத்துக்கும் கேடு செய்வதை அத்தொழிற்சாலை கருத்திற்கொள்ளவில்லை என்பதையும் நீதிமன்றம் குறிப்பிட்டது.