மழையில் ஆல் டெரெய்ன் டயர் பிடிக்குமா? ஒரு கால்நடை டாக்டர் தொடங்கிவைத்த கதை

தார், ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளுக்கு டயர் மாற்றக் கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது ஆல் டெரெய்ன் டயர்தான். தடித்தடியான ரப்பர் கட்டைகள், நடுவில் அகலமான பள்ளங்கள். பார்த்தாலே மழையாவது, சேறாவது என்று ஒரு தைரியம் வரும். ஆனால் அந்த வண்டி தினமும் ஓடுவது ஆபீஸுக்குப் போகும் ஈரத் தார் ரோட்டில். அங்கே இது நல்ல டயரா? பதில் புரிய வேண்டும் என்றால், காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜான் பாய்ட் டன்லப்பிடம் போகணும். அவர் இன்ஜினீயர் இல்லை. மாடு, குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர்.

யார் இந்த டன்லப்?

1840-ல் ஸ்காட்லாந்தின் ட்ரெக்ஹார்ன் ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். குறைப்பிரசவக் குழந்தை. அதனால் தன் உடம்பு பலவீனமானது என்ற நினைப்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது. (இருந்தது 81 வயது வரை என்பது வேறு விஷயம்.) எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்து, சொந்த நாட்டில் சில வருடம் வேலை பார்த்து, 1867-ல் அயர்லாந்துக்குப் போனார். 1880-களில் பெல்ஃபாஸ்ட் நகரில் அவர் நடத்தியது அயர்லாந்தின் பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்று.

பெல்ஃபாஸ்ட் தெருக்களில் கருங்கல் பாவியிருந்தது, டிராம் தண்டவாளமும் ஓடியது. அவர் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் கெட்டி ரப்பர் டயர். அந்தக் கல்லில் ஓட்டினால் உடம்பே குலுங்கும். டன்லப் ஒரு மரத்தட்டை எடுத்து, அதன் விளிம்பில் மெல்லிய ரப்பர் குழாயைச் சுற்றி, மேலே துணி வைத்து ஆணி அடித்து, கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் நிரப்பினார். முற்றத்தில் பழைய சக்கரத்தையும் இதையும் உருட்டிவிட்டுப் பார்த்தார். பழையது பாதியிலேயே சாய்ந்தது. காற்றுச் சக்கரம் முற்றம் முழுக்க ஓடி, கேட்டில் மோதித் திரும்பியது. 1888 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது.

அடுத்த ஆண்டு மே மாதம், வில்லி ஹியூம் என்ற சைக்கிள் வீரர் இந்த டயரோடு பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரிப் போட்டியில் இறங்கி வரிசையாக ஜெயித்தார். தோற்றவர்களில் டப்ளின் வியாபாரி ஹார்வி டு குரோவின் மகன்களும் உண்டு. அப்பா டு குரோ கோபப்படவில்லை, அந்த டயரில் பணம் இருக்கு என்று புரிந்துகொண்டார். கம்பெனி பிறந்தது இப்படித்தான்.

சரி, மழை எங்கே வந்தது?

டன்லப் தேடியது சொகுசு, கிடைத்தது வேகம். ரோட்டைப் பிடிப்பது அவர் கணக்கிலேயே இல்லை. ஆரம்பகால காற்று டயர்களின் மேற்பரப்பு வழவழப்பு. ஈரமும் சகதியும் சேர்ந்த ரோட்டில் சைக்கிள் பக்கவாட்டில் சறுக்குவது அன்றைய ஓட்டிகளின் பெரிய தலைவலி. டயரில் கோடு, பள்ளம், புடைப்பு எல்லாம் பிறகுதான் வந்தன.

ஆனால் அவர் உள்ளே அடைத்த காற்றுதான் இன்றைக்கும் மழையில் பாதிக் காவல். எப்படி? வேகமாகப் போகும்போது டயருக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் ஒதுங்க நேரம் கிடைக்காது. அது டயருக்கு அடியில் புகுந்து வண்டியையே தூக்கும். அப்போது ஸ்டியரிங், பிரேக் இரண்டும் வெறும் பேருக்குத்தான். இதை விமான டயர்களில் ஆராய்ந்த நாசா, 1963-ல் ஒரு கணக்கு வெளியிட்டது: இந்த ஆபத்து தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. தண்ணீர் ஆழமாக நின்று, டயரும் தேய்ந்திருந்தால், 36 பி.எஸ்.ஐ. காற்றுக்கு அந்த வேகம் சுமார் 100 கி.மீ. 25 ஆகக் குறைந்தால் 83 கி.மீ. இப்போ யோசிச்சுப் பாருங்க: வார இறுதியில் மணலில் ஓட்ட 18-க்கு இறக்கிவிட்டு, காற்றை ஏற்ற மறந்து மழையில் ஹைவேயில் வந்தால்? கணக்குப்படி 70-லேயே மிதக்கும். அதற்காகக் கண்டபடி ஏற்றவும் கூடாது. டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரி.

மீதிப் பாதி ரப்பரிடம் இருக்கிறது. ஆல் டெரெய்ன் டயரின் அகலப் பள்ளங்கள் தேங்கிய தண்ணீரை நன்றாகவே வெளியேற்றும். அதில் குறை இல்லை. ஆனால் பள்ளம் அதிகம் என்றால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. கல் குத்திக் கிழியாமல் இருக்கப் பலவற்றில் ரப்பரும் கெட்டி. அதனால் ஈரத் தாரில் பிரேக் அடித்தால், நல்ல ஹைவே டயரைவிட இது பெரும்பாலும் தள்ளித்தான் நிற்கும். தினமும் ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு ஹைவே டயர் போதும் என்பதே என் கருத்து. மாதத்தில் சில நாளாவது மண் ரோடு, எஸ்டேட் பாதை என்று போகிறவர்களுக்கு ஆல் டெரெய்ன் நியாயமான தேர்வு. ஆனால் அதிலும் ரகம் உண்டு. கட்டைகளின் மேல் பிளேடால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கிறதா பாருங்கள். அந்த வெட்டுகளின் விளிம்புதான் ஈர ரோட்டைக் கவ்வும். ஐரோப்பிய லேபிள் இருக்கும் மாடல் என்றால் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் இ வரை ஓர் எழுத்து இருக்கும், ஏ-தான் சிறந்தது. மிரட்டும் தோற்றத்தைவிட அந்த ஓர் எழுத்து அதிகம் சொல்லும். 1.6 மி.மீ. வரை தேயலாம் என்பது விளிம்பு அளவுதான். மழைக்காலத்துக்கு 3 மி.மீ.-லேயே மாற்றிவிடுவது நல்லது.

டன்லப்புக்கு என்ன கிடைத்தது?

பெரிதாக ஒன்றும் இல்லை. காப்புரிமை கிடைத்து இரண்டு வருடத்தில் அது செல்லாது என்று தெரியவந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1840-களிலேயே இதே யோசனைக்கு உரிமை வாங்கியிருந்தார். லண்டனில் குதிரை வண்டிகளில் ஓட்டியும் காட்டினார். அப்போது சைக்கிள் பிறக்கவில்லை, ரப்பர் விலையும் கட்டுப்படியாகவில்லை, யோசனை தூங்கிப்போனது. டன்லப்புக்கு அது தெரியவே தெரியாது.

கம்பெனியை மற்ற காப்புரிமைகளை வைத்து டு குரோ காப்பாற்றினார். 1895-ல் டன்லப் விலகிவிட்டார். அடுத்த வருடமே அந்தத் தொழில் 30 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. அவர் டப்ளினில் ஒரு துணிக்கடைத் தொழிலில் ஈடுபட்டிருந்தார். பெயரும் முகமும் மட்டும் கம்பெனியிடமே தங்கிவிட்டன. கடைசிக் காலத்தில், கண்ணாடியும் கைத்தடியும் உயரத் தொப்பியுமாக ஒரு மைனர் உடம்பின் மேல் தன் தலையை ஒட்டி விளம்பரம் போடுகிறார்கள் என்று அந்தக் கம்பெனி மீதே வழக்குப் போட்டார். வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபை வரை போனது. 1921 அக்டோபரில் டப்ளினில் இறந்தார்.

வட அயர்லாந்தின் பத்து பவுண்ட் நோட்டு ஒன்றில் அவர் படம் அச்சானது. சென்னை அம்பத்தூரில் அவர் பெயர் கொண்ட டயர் தொழிற்சாலை பல ஆண்டுகள் ஓடியது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் டன்லப் ஸ்டாப் என்று கேட்டே இறங்குவார்கள்.