ஈரோட்டு நாகம்மையார்

1898-ம் ஆண்டு ஒரு கலியாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 19. பெண்ணுக்கு வயது 13.

மாப்பிள்ளை, ஈரோட்டில் பெரிய மண்டி வைத்திருந்த வெங்கட்ட நாயக்கரின் மகன் ராமசாமி. பிற்காலத்தில் பெரியார் என்று நாடு அறிந்தவர் அவர்தான். பெண், சேலம் தாதம்பட்டியைச் சேர்ந்த நாகம்மாள். உறவுக்காரப் பெண்தான். ஆனால் வசதி குறைந்த வீடு.

மாப்பிள்ளை வீட்டார் பணக்கார இடமாகத் தேடினார்கள். பெண் வீட்டாரோ நாகம்மாளை ஒரு வயதானவருக்குக் கொடுத்துவிட நினைத்தார்கள். பெண் ஒரே பிடிவாதமாக இருந்தாள். கட்டினால் ராமசாமியைக் கட்டுவது, இல்லாவிட்டால் உயிரை விடுவது என்று சொல்லிவிட்டாள். ராமசாமியும் வேறு பெண் வேண்டாம் என்றார். பெரியவர்கள் இறங்கி வந்தார்கள். அந்தக் காலத்தில் 13 வயதுப் பெண் இவ்வளவு துணிந்து பேசியது பெரிய காரியம்.

மாமியாரும் கணவரும்

மாமியார் சின்னத்தாயம்மாள் மிகுந்த ஆசாரம் உள்ளவர். விரதம், பூசை, பாகவதர்களுக்கு விருந்து என்று வீடு எப்போதும் அமர்க்களப்படும். நாகம்மாளும் மாமியாரின் வழியிலே நடந்தார். கணவருக்கோ இவற்றில் துளியும் நம்பிக்கை கிடையாது. இருவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டார் இந்தச் சிறுபெண்.

விரத நாளாகப் பார்த்துக் கறி சமைக்கச் சொல்லுவார் கணவர். சமைத்துக் கொடுத்துவிட்டுத் தலை முழுகி வந்து விரதச் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும் நாகம்மாள்.

ஒரு நாள் இரவு தாலியைக் கழற்றச் சொன்னார். நாகம்மாள் நடுங்கிப்போனார். கணவன் ஊரில் இல்லாதபோதுதான் தாலி வேண்டும், நான்தான் பக்கத்திலேயே இருக்கிறேனே என்று ராமசாமி வாதாடினார். அம்மையார் கழற்றிக் கொடுத்தார். காலையில் கணவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். வெறுங்கழுத்தைப் பார்த்த பெண்கள் பதறினார்கள். நாகம்மாள் கணவர் சொன்ன காரணத்தையே அப்படியே அவர்களிடம் ஒப்பித்தார்!

இன்னொரு முறை, திருவிழாவுக்குத் தோழிகளுடன் கோவிலுக்குப் போனார். ராமசாமி மாறுவேடத்தில் தம் கூட்டாளிகளுடன் அங்கே போய், மனைவியை யாரோ ஊருக்குப் புதிதாக வந்த தாசி என்று காட்டிவிட்டார். வாலிபர்கள் சுற்றிச் சுற்றி வந்து கேலி செய்தார்கள். நாகம்மாள் பயத்தில் வெலவெலத்துப் போனார். செய்தவர் தம் கணவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றோடு அவருடைய கோவில் பயணம் நின்றது.

பெரியாரின் குறும்பு என்று இதைச் சிரித்துச் சொல்லுகிறவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தின் நடுவே நின்ற பெண்ணின் நிலையில் இருந்து பார்த்தால் சிரிப்பு வராது.

இவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதத்தில் இறந்துவிட்டது. பிறகு குழந்தை இல்லை.

1904-ம் ஆண்டில் தகப்பனாரோடு மனத்தாங்கல் ஏற்பட்டு, ராமசாமி சொல்லாமல் கொள்ளாமல் காசிக்குப் போய்விட்டார். அங்கே பசி தாங்காமல் எச்சில் இலைச் சோறு சாப்பிடும் நிலை வந்தது. ஆந்திர நாட்டில் ஏலூரில் அவர் இருப்பது தெரிந்து தகப்பனார் போய் அழைத்து வந்தார். வந்ததும் மண்டியை மகன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

கள்ளுக்கடையின் முன்னே

மண்டி செழித்தது. ராமசாமி ஈரோடு நகரசபைத் தலைவரானார். பின்னர் பதவிகளை உதறிவிட்டுக் காங்கிரசில் சேர்ந்தார். வீட்டில் பட்டு போய்க் கதர் வந்தது. நாகம்மையாரும் கதர் உடுத்தினார்.

1921-ல் கள்ளுக்கடை மறியல் வந்தது. கள்ளுக்கு உதவக்கூடாது என்று, தாதம்பட்டித் தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களைப் பெரியார் வெட்டிச் சாய்த்தார். அவர் சிறை சென்றதும், நாகம்மையாரும் பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டிக்கொண்டு கடைகளின் முன்னே போய் நின்றார்கள். குடும்பப் பெண்கள் வீதிக்கு வராத காலம் அது. ஈரோடு வியந்து பார்த்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து வைக்கம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த அந்த ஊரில், கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக் கூடாது என்று தடை இருந்தது. 1924-ல் அங்கே நடந்த சத்தியாக்கிரகத்தில் பெரியார் இருமுறை சிறைப்பட்டார். மொழி தெரியாத அந்த ஊரிலும் நாகம்மையார் பெண்களுடன் முன்னே நின்றார். கோவிலுக்குள் போவதற்குக் கணவரின் குறும்புக்கு அஞ்சியவர், கோவில் தெருவில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று போராடினார்.

1925-ல் குடி அரசு பத்திரிகை தொடங்கியது. ஈரோட்டு வீடு சத்திரம்போல ஆயிற்று. எந்த வேளையில் எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்ல முடியாது. பெரியாரின் சிக்கனம் ஊரறிந்தது. நாகம்மையாரின் கை தாராளமானது. வந்தவர்கள் பசியோடு திரும்பியதில்லை. சுயமரியாதை இயக்கம் அவருடைய அடுப்பங்கரையிலும் வளர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ருஷ்யப் பயணம்

1931-ம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். ருஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று சுற்றிவிட்டு, 1932 நவம்பரில்தான் திரும்பினார். ஏறக்குறைய ஓராண்டு நாகம்மையார் வீட்டையும் பார்த்தார், பத்திரிகைப் பொறுப்பையும் ஏற்றார்.

பெரியார் பார்த்து வந்த அந்த ருஷ்யாவில் டால்ஸ்டாய் என்ற பெரிய நாவலாசிரியர் வாழ்ந்தார். அவருடைய மனைவி சோபியா, 13 பிள்ளைகளைப் பெற்றவர். கணவர் எழுதிய பெரிய பெரிய நாவல்களைக் கையாலேயே படி எடுத்துக் கொடுத்தவர். டால்ஸ்டாய் எளிய வாழ்வை உபதேசித்தார். சொத்து வேண்டாம் என்றார். பிள்ளைகளின் கதி என்ன என்று மனைவி கேட்டார். சண்டை முற்றி, 1910-ல் 82-வது வயதில் அவர் வீட்டைவிட்டு வெளியேறி, ஒரு ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார்.

ஈரோட்டில் அப்படிச் சண்டை வரவில்லை. காரணம், நாகம்மையார் எதிர்த்துக் கேட்கவில்லை. கணவர் பக்தியை விடு என்றார், விட்டார். கதர் உடுத்து என்றார், உடுத்தினார். மறியலுக்குப் போனார். பெண் ஆணுக்கு அடிமையல்ல என்று மேடைதோறும் முழங்கியவரின் வீட்டில், மனைவி கணவர் சொல்லைத் தட்டாமல் வாழ்ந்தார்.

1933 மே 11

அம்மையார் நோயில் விழுந்தார். அப்போதும் பெரியாரின் சுற்றுப்பயணம் நிற்கவில்லை. 1933 மே 11-ந்தேதி நாகம்மையார் காலமானார். வயது 48. யாரும் அழக்கூடாது என்று பெரியார் சொல்லிவிட்டார். சடங்கு எதுவும் இல்லை. மறுநாளே திருச்சிக்குப் போய், தடை உத்தரவை மீறி ஒரு சுயமரியாதைத் திருமணத்தை நடத்திக் கைதானார்.

கல்மனம் என்று பேசியவர்கள், அடுத்து வந்த குடி அரசைப் பார்த்தார்கள். மனைவியைப் பற்றிப் பெரியாரே எழுதியிருந்தார். துணை போயிற்று என்பதா, எல்லாமே போயிற்று என்பதா என்று தெரியாமல் தவித்திருந்தார். இனி வீட்டுக் கவலை இல்லாமல் ஊர் ஊராகத் திரியலாம் என்று ஆறுதலும் தேடியிருந்தார். பெண் விடுதலை பற்றித் தாம் போதித்தபடி நாகம்மாளிடம் நடந்துகொண்டதாகச் சொல்லத் தமக்குத் தகுதி இல்லை என்றும், அவர் அடங்கி நடந்ததைத் தாம் ஏற்றுக்கொண்டிருந்ததை எண்ணி வெட்கப்படுவதாகவும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியவர் உயிரோடு இருந்தபோது அதை அவரிடம் சொன்னாரோ, என்னவோ!

பின்னாளில் பெரியார் திருச்சியில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்க்க ஓர் இல்லம் தொடங்கினார். அதற்கு நாகம்மையார் பெயரை வைத்தார்.