தாஜ் ஹோட்டல் படிக்கட்டில் வீரர்களுக்கு முன்னால் சென்ற பயிற்சி அதிகாரி: மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் நினைவு தினம்

பெங்களூரு, நவ. 28 – மும்பை பயங்கரவாதத் தாக்குதலின்போது தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டலில் நடந்த மோதலில் வீரமரணம் அடைந்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனின் நினைவு தினம் இன்று. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் தேதி உயிர்நீத்தபோது அவருக்கு வயது 31. தேசிய பாதுகாப்புப் படையின் (என்.எஸ்.ஜி.) 51-வது சிறப்பு நடவடிக்கைக் குழுவில் பயிற்சி அதிகாரியாக இருந்தவர் அவர். கமாண்டோக்களுக்குப் பயிற்சி அளித்த அந்த அதிகாரி, அவர்களை வழிநடத்திச் சென்ற களத்திலேயே வீழ்ந்தார். அவரது வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது முதலில் கவனத்தில் நிற்பது இதுவே.

சந்தீப் 1977-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி கேரள மாநிலம் கோழிக்கோட்டில் பிறந்தார். தந்தை கே. உன்னிகிருஷ்ணன் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தில் (இஸ்ரோ) பணியாற்றி ஓய்வு பெற்றவர். தாயார் தனலட்சுமி. பெற்றோருக்கு ஒரே மகனான சந்தீப் வளர்ந்தது பெங்களூருவில். அல்சூர் பகுதியில் உள்ள பிராங்க் ஆண்டனி பப்ளிக் பள்ளியில் 14 ஆண்டுகள் படித்து, 1995-இல் அறிவியல் பிரிவில் பள்ளிப் படிப்பை நிறைவு செய்தார். ராணுவக் குடியிருப்புகளும் பயிற்சி மையங்களும் நிறைந்த, தெருவுக்குத் தெரு தமிழும் ஒலிக்கும் பழைய தண்டுப் பகுதியை ஒட்டியது அந்தப் பள்ளி. ராணுவத்தில் சேரும் விருப்பம் அவருக்குச் சிறு வயதிலேயே இருந்தது. பள்ளி நாட்களிலேயே ராணுவ வீரரைப் போல முடியை ஒட்ட வெட்டிக்கொள்வார். விளையாட்டில் சிறந்து விளங்கியதுடன், பள்ளிப் பாடகர் குழுவிலும் இடம்பெற்றிருந்தார்.

பள்ளி முடித்த அதே ஆண்டு, புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாதெமியில் சேர்ந்தார். அதன் பின்னர் டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாதெமியில் பயிற்சி பெற்று, 1999-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி பிகார் ரெஜிமெண்டின் 7-ஆவது பட்டாலியனில் லெப்டினண்டாக நியமிக்கப்பட்டார். அப்போது கார்கில் போர் முடிந்திருக்கவில்லை. அதே பிகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த திருச்சி மேஜர் எம். சரவணன், படாலிக் பகுதியில் அந்த ஆண்டு மே 29-ஆம் தேதி வீரமரணம் அடைந்ததைத் தமிழக வாசகர்கள் நினைவுகூரலாம். அதற்கு ஆறு வாரங்கள் கழித்தே 22 வயது சந்தீப் அந்த ரெஜிமெண்டில் அடியெடுத்து வைத்தார்.

'ஆபரேஷன் விஜய்' நடவடிக்கையின்போது எதிரிகளின் பீரங்கித் தாக்குதலுக்கு இலக்கான முன்னணி நிலைகளில் அவர் பணியாற்றினார். 1999-ஆம் ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று ஆறு வீரர்களைக் கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கி, எதிரியின் நிலையிலிருந்து வெறும் 200 மீட்டர் தொலைவில் ஒரு காவல் நிலையை அமைத்தார். எதிரியின் நேரடிக் கண்காணிப்பிலும் துப்பாக்கிச் சூட்டின் எல்லைக்குள்ளும் இருந்த இடம் அது. பணியில் சேர்ந்து ஆறு மாதங்கள்கூட நிறைவடையாத அதிகாரியிடம் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

அதன்பின் ஜம்மு-காஷ்மீரில் பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளிலும் ராஜஸ்தானிலும் பணியாற்றினார். 2003-இல் கேப்டனாகவும் 2005-இல் மேஜராகவும் பதவி உயர்வு பெற்றார். ராணுவத்தின் மிகக் கடினமான பயிற்சிகளில் ஒன்றாகக் கருதப்படும், பெலகாவியில் நடைபெறும் 'காதக்' கமாண்டோ பயிற்சியில் முதலிடம் பெற்று, பிறருக்குப் பயிற்சி அளிக்கும் தகுதியையும் ஈட்டினார். குல்மார்க்கில் உள்ள உயர்மலைப் போர்ப் பள்ளியிலும் பயிற்சி பெற்றார். இந்தத் தகுதிகளே அவரை ஹரியாணா மாநிலம் மானேசரில் உள்ள என்.எஸ்.ஜி. தலைமை முகாமுக்குக் கொண்டு சேர்த்தன. 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் 51-வது சிறப்பு நடவடிக்கைக் குழுவின் பயிற்சி அதிகாரியானார்.

2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி இரவு, பாகிஸ்தானிலிருந்து கடல் வழியாக வந்த 10 பயங்கரவாதிகள் மும்பையின் ரயில் நிலையம், மருத்துவமனை, உணவகம், ஹோட்டல்கள், யூத மையம் எனப் பல இடங்களில் தாக்குதல் நடத்தினர். மும்பை காவல் துறையும் கடற்படைக் கமாண்டோக்களும் முதற்கட்டமாகக் களத்தில் இறங்கினர். அந்நாளில் என்.எஸ்.ஜி. கமாண்டோக்களின் தளம் மானேசரில் மட்டுமே இருந்தது. வீரர்கள் அங்கிருந்து டெல்லி விமான நிலையம் சென்று, விமானத்தில் மும்பையை அடைந்து, தாக்குதல் நடந்த இடங்களில் நிலைகொள்ள மறுநாள் காலை ஆகிவிட்டது. அந்தத் தாமதம் பின்னர் நாடாளுமன்றம் வரை விவாதிக்கப்பட்டது.

'பிளாக் டொர்னாடோ' எனப் பெயரிடப்பட்ட நடவடிக்கையில் தாஜ் ஹோட்டலின் பழைய கட்டடம் சந்தீப் தலைமையிலான குழுவின் பொறுப்பில் வந்தது. 1903-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் நீண்ட தாழ்வாரங்களும் நூற்றுக்கணக்கான அறைகளும் கொண்டது. பல இடங்களில் தீ எரிந்து புகை சூழ்ந்திருந்தது. அறைகளுக்குள் பதுங்கியிருந்த விருந்தினர்கள், வெளியே நிற்பது யார் என்று அறியாமல் கதவைத் திறக்க அஞ்சினர். கமாண்டோக்கள் அறை அறையாகச் சோதித்து, அகப்பட்டவர்களை மீட்டுக்கொண்டு நகர வேண்டியிருந்தது. உள்ளே இருந்த நான்கு பயங்கரவாதிகளுக்கோ, யாரைச் சுடுவது என்ற தயக்கம் இல்லை. பயிற்சிக் கூடத்தில் எத்தனை முறை ஒத்திகை பார்த்திருந்தாலும், இந்த ஏற்றத்தாழ்வு ஒத்திகையில் அடங்குவதன்று.

சந்தீப்பின் குழு 14 பேரை மீட்டது. நவம்பர் 27 நள்ளிரவைக் கடந்த நேரத்தில், படிக்கட்டு வழியாக மேலேறிய குழுவின் மீது பயங்கரவாதிகள் கடுமையான துப்பாக்கிச் சூடு நடத்தினர். கமாண்டோ ஒருவர் படுகாயமடைந்தார். அவரை விட்டுவிட்டு முன்னேறவோ, அனைவரும் பின்வாங்கவோ சந்தீப் முடிவு செய்யவில்லை. துல்லியமாகச் சுட்டு எதிரிகளை இருந்த இடத்திலேயே முடக்கி, அந்த இடைவெளியில் காயமடைந்தவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு சேர்த்தார். அந்த முயற்சியில் அவரது வலக்கையில் குண்டு பாய்ந்தது. காயத்துடனேயே அவர் தொடர்ந்து முன்னேறினார்.

மேலே வர வேண்டாம் என்றும், எதிரிகளைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் அவர் சக வீரர்களுக்குத் தெரிவித்ததாக என்.எஸ்.ஜி. அதிகாரிகள் பின்னர் கூறினர். ஆபத்தான இடத்தில் அதிகாரி முதலில் செல்ல வேண்டும் என்பது தரைப்படையில் ஒவ்வொரு இளம் அதிகாரிக்கும் கற்பிக்கப்படும் பாடம். அதை மற்றவர்களுக்குக் கற்பித்துவந்தவர் அந்த இரவில் தனியே சென்றார், உயிருடன் திரும்பவில்லை. தாஜ் ஹோட்டலில் எஞ்சிய பயங்கரவாதிகள் நவம்பர் 29-ஆம் தேதி காலை சுட்டுக் கொல்லப்பட்டனர். மும்பை முழுவதுமான தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். நரிமன் இல்லத்தில் நடந்த மோதலில் ஹவில்தார் கஜேந்திர சிங் பிஷ்டும் வீரமரணம் அடைந்தார். அந்த நடவடிக்கையில் என்.எஸ்.ஜி. இழந்தது இந்த இருவரை.

சந்தீப்பின் உடல் விமானம் மூலம் பெங்களூரு கொண்டுவரப்பட்டு, நவம்பர் 29-ஆம் தேதி ஹெப்பால் மயானத்தில் முழு ராணுவ மரியாதையுடன் தகனம் செய்யப்பட்டது. சாலையின் இருபுறமும் மக்கள் பெருந்திரளாகக் கூடி அஞ்சலி செலுத்தினர். மறுநாள் துக்கம் விசாரிக்க வந்த அப்போதைய கேரள முதல்வரைச் சந்திக்கத் தந்தை மறுத்தது நாடு முழுவதும் பேசப்பட்டது. ஒரே மகனைத் தகனம் செய்த மறுநாள், ஒரு தந்தையின் வேதனை தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் அரசியல் சர்ச்சையாக மாறியது அந்த நாட்களின் வருத்தமான பகுதி.

மகன் பல தொண்டு நிறுவனங்களுக்குத் தொடர்ந்து பணம் அனுப்பி வந்ததைப் பெற்றோர் அவர் மறைந்த பிறகே அறிந்தனர்.

2009-ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று அவருக்கு அசோக சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. டெல்லி ராஜபாதையில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலிடமிருந்து தாயார் தனலட்சுமி விருதைப் பெற்றுக்கொண்டார். அமைதிக் காலத்தில் வழங்கப்படும் மிக உயரிய வீர விருது அசோக சக்ரா. கார்கிலில் எதிரியின் பார்வைக்குள் 200 மீட்டர் தொலைவில் காவல் நின்று மீண்ட அதிகாரிக்கு, போர் அறிவிக்கப்படாத ஒரு நாளில், நாட்டின் பெருநகரம் ஒன்றின் ஹோட்டலில் நேர்ந்த மரணத்துக்காக அந்த விருது வழங்கப்பட்டது.

அந்த ஆண்டிலேயே மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா நகரங்களில் என்.எஸ்.ஜி. மையங்கள் அமைக்கப்பட்டன. மானேசரிலிருந்து விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை தென்னிந்தியாவுக்கு அதன் பிறகே மாறியது.

சந்தீப்பின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு, அடிவி சேஷ் நடித்த 'மேஜர்' திரைப்படம் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தெலுங்கிலும் இந்தியிலும் வெளியானது. அவர் மறைந்தபோது பள்ளி செல்லாத வயதில் இருந்தவர்களிடமும் அப்படம் அவர் பெயரைக் கொண்டு சேர்த்தது. திரைக்கதைக்கான கற்பனைகளும் அதில் உண்டு. பணிக் குறிப்பில் உள்ள சில வரிகளே அதைவிட வலுவானவை என்று தோன்றுகிறது.

பெங்களூரு யலஹங்காவில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ராமமூர்த்தி நகர் வெளிவட்டச் சாலைச் சந்திப்பில் அவரது மார்பளவுச் சிலை நிற்கிறது. தந்தை உன்னிகிருஷ்ணன் 2012-ஆம் ஆண்டு, டெல்லி இந்தியா கேட்டிலிருந்து மகன் உயிர்நீத்த நகரத்துக்கு மிதிவண்டியில் பயணம் மேற்கொண்டார். அவர் சென்றடைய எண்ணிய இடம் மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா. தாஜ் ஹோட்டல் அதற்கு எதிரே உள்ளது.