பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்தவர்: வால்டர் கேம்ப் (1859–1925)

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் ஊரில் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு, எதிரே வருபவர்களை முட்டி மோதி முன்னேறும் ஆட்டம் அது. இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் கல்லூரி ஊர்கள் இந்த ஆட்டத்துக்காகவே விழித்தெழுவதைப் பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பிய நம்மவர்கள் நன்கு அறிவார்கள். பருவம் முடிந்து டிசம்பர் வந்ததும் பட்டியல்கள் வெளியாகும். நாடெங்கும் உள்ள கல்லூரி வீரர்களில் அந்தந்த இடத்துக்குச் சிறந்தவர் யார் என்று சொல்லும் 'ஆல் அமெரிக்கன்' பட்டியல்கள் அவை. அதில் பெயர் வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் கூடவே வரும் பட்டம். அந்தப் பட்டியலை ஒரு மரபாக நிலைநாட்டியவர் ஒரு கடிகாரக் கம்பெனிக்காரர். அவர் பெயர் வால்டர் கேம்ப்.

1859 ஏப்ரல் 7 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டனில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். நியூ ஹேவனில் ஹாப்கின்ஸ் பள்ளியில் படித்து, 1876-ல் யேல் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த ஆண்டே அணியிலும் இடம் கிடைத்தது. 1880-ல் பட்டம் பெற்றபின் அங்கேயே மருத்துவம் படிக்கத் தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார். அதன்பின் கடிகார வியாபாரத்தில் இறங்கினார். நியூ ஹேவன் கடிகாரக் கம்பெனியில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, பின்னர் அதன் தலைவராகவும் ஆனார். பிழைப்பு கடிகாரத்தில் இருந்தாலும் மனம் மைதானத்தில்தான் இருந்தது.

அவர் ஆட வந்த நாளில் அமெரிக்கக் கல்லூரிகள் ஆடியது ஏறக்குறைய ரக்பி ஆட்டம்தான். பந்தை நடுவில் போட்டு இரு பக்கமும் கூட்டமாகத் தள்ளுவார்கள். பந்து யாரிடம் போகும் என்பது தள்ளுமுள்ளில் தீர்மானமாகும். கேம்ப்புக்கு இது பிடிக்கவில்லை. 1880-ல் விதிகளை வகுக்கக் கூடிய கூட்டத்தில் அவர் வைத்த யோசனைப்படி, பந்து ஒரு அணியின் கைவசம் என்று உறுதியானது. அந்த அணி தன் விருப்பப்படி பந்தைப் பின்னால் தட்டி ஆட்டத்தைத் தொடங்கலாம். ஆட்டக்காரர் எண்ணிக்கையும் பதினைந்திலிருந்து பதினொன்றாகக் குறைந்தது.

ஒரு விதி வந்தால் அதில் ஓட்டை கண்டுபிடிப்பவர்களும் வந்துவிடுவார்கள். 1881-ல் யேலும் பிரின்ஸ்டனும் மோதியபோது, ஒரு பாதி முழுவதும் ஓர் அணியும் மறுபாதி முழுவதும் மற்ற அணியும் பந்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தன. பார்க்க வந்தவர்கள் நொந்துபோனார்கள். மறு ஆண்டே இதற்கு மருந்து வந்தது. மூன்று முயற்சிகளில் ஐந்து கஜமாவது முன்னேற வேண்டும், அல்லது பத்து கஜம் பின்வாங்க வேண்டும், இல்லையேல் பந்து எதிரணிக்கு. இதை அளக்க மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டார்கள். அப்பளம் சுடும் கம்பி வலை போல மைதானம் கோடு கோடாக மாறியது அப்போதுதான். 1883-ல் எதற்கு எத்தனை புள்ளி என்ற கணக்கும் வந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டி பந்தை வைத்தால் 2, அதைத் தொடர்ந்து கம்பத்துக்கு மேலே உதைத்தால் 4, ஆட்டத்தின் நடுவே உதைத்து அடித்தால் 5. உதைக்குத்தான் அன்று மதிப்பு அதிகம். ஓடுபவனுக்கு மதிப்பு உயர்ந்தது பிறகுதான்.

இப்படி ஒவ்வொரு அடியும் அளவுக்கு உட்பட்டதும், ஒவ்வொரு ஆட்டக்காரரின் பங்கையும் தனித்துப் பார்க்க முடிந்தது. கூட்டமாகத் தள்ளும் ஆட்டத்தில் யார் நன்றாகத் தள்ளினார் என்று எப்படிச் சொல்வது? பதினொரு பேருக்கும் தனி இடம், தனி வேலை என்றானபின் அந்த இடத்தில் சிறந்தவர் யார் என்ற கேள்வி தானே எழுந்தது. பின்னால் வந்த பட்டியலுக்கு விதை இங்கேதான் விழுந்தது என்பேன்.

1888-ல் ஆலிஸ் சம்னரை மணந்தார். சமூகவியல் அறிஞர் வில்லியம் கிரஹாம் சம்னரின் தங்கை அவர். அதே ஆண்டு யேல் அணிக்குப் பயிற்சியாளரும் ஆனார். பகலில் கம்பெனியை விட்டு வர முடியாது. அதனால் பயிற்சி நடக்கும்போது புதுமனைவி ஆலிஸ் மைதானத்துக்குப் போய், யார் எப்படி ஆடுகிறார்கள் என்று கவனித்துக் குறித்துக்கொண்டு வருவார். மாலையில் ஆட்டக்காரர்கள் வீட்டுக்கு வர, அந்தக் குறிப்புகளை வைத்து கேம்ப் பேசுவார். அந்தப் பருவத்தில் யேல் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் எல்லா ஆட்டங்களையும் வென்றது. 1892 வரை ஐந்து பருவங்களில் தோற்றவை இரண்டே ஆட்டங்கள். அந்த வெற்றிகளில் ஆலிஸின் கண்களுக்கும் பங்கு உண்டு. அவரை எந்தப் பட்டியலிலும் சேர்க்கத்தான் யாருமில்லை.

முதல் ஆல் அமெரிக்கன் பட்டியல் 1889-ல் கேஸ்பர் விட்னி என்பவரின் பத்திரிகையில் வந்தது. தேர்ந்தெடுத்தது விட்னியா, கேம்ப்பா, இருவருமா என்பதில் இன்றும் இருவேறு கருத்து உண்டு. பதினொரு பேரும் யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் என்ற மூன்றே கல்லூரிகளைச் சேர்ந்தவர்கள். இலக்கிய அன்பர்களுக்கு ஒரு சுவையான செய்தி: அதில் பிரின்ஸ்டன் அணியைச் சேர்ந்த ஒருவரின் பெயர் எட்கர் ஆலன் போ. கவிஞரின் உறவினர், அவர் பெயரையே தாங்கியவர்.

1898 முதல் கோலியர்ஸ் வார இதழில் கேம்ப்பின் பட்டியல் ஆண்டுதோறும் வந்தது. முதல் அணி, இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று முப்பத்து மூன்று பெயர்கள். வேறு பலரும் பட்டியல் போட்டார்கள். ஆனால் மக்கள் காத்திருந்தது கேம்ப்பின் பட்டியலுக்குத்தான்.

குறைகளும் இல்லாமல் இல்லை. வானொலி, தொலைக்காட்சி இல்லாத காலம். ஒரு சனிக்கிழமையில் ஒரு மனிதர் ஓர் ஆட்டத்தைத்தான் பார்க்க முடியும். அதுவும் ரயில் போகும் தூரத்தில். கேம்ப் பெரும்பாலும் பார்த்தவை கிழக்குக் கரைக் கல்லூரிகளின் ஆட்டங்கள். மற்ற இடங்களுக்குப் பிறர் எழுதி அனுப்புவதை நம்ப வேண்டியிருந்தது. 1898-ல் ஷிகாகோவின் கிளாரன்ஸ் ஹெர்ஷ்பெர்கர் முதல் அணியில் வந்தபோதுதான் மேற்குப் பக்கத்துக்கு முதன்முதலாக ஓர் இடம் கிடைத்தது. தெற்கிலும் தூர மேற்கிலும் எத்தனை நல்ல ஆட்டக்காரர்கள் யார் கண்ணிலும் படாமல் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்களோ!

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடிமைகளாக இருந்தவர்களுக்கு மகனாகப் பிறந்த வில்லியம் ஹென்றி லூயிஸ் 1892-லும் 1893-லும் ஹார்வர்ட் சார்பில் இந்தக் கௌரவத்தைப் பெற்றார். முதல் கறுப்பின ஆல் அமெரிக்கன் அவர்தான். பின்னாளில் 1911-ல் அமெரிக்க அரசின் துணை அட்டர்னி ஜெனரல்களில் ஒருவராகவும் ஆனார். செவ்விந்தியரான ஜிம் தோர்ப் 1911, 1912 பட்டியல்களிலும், பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஃபிரிட்ஸ் பொலார்ட் 1916 பட்டியலிலும் வந்தார்கள். 1918-ல் ரட்கர்ஸ் கல்லூரியின் பால் ராப்சன். ஆம், பின்னால் தன் குரலால் உலகையே கட்டிப்போட்ட அதே ராப்சன்தான். பல உணவகங்களில் உட்காரக்கூட இடம் கிடைக்காத நாட்களில் அந்தப் பெயர்கள் நாடு முழுவதும் படிக்கப்பட்ட இதழ்களில் அச்சாயின. பனிப்போர்க் காலத்தில் ராப்சனின் அரசியலுக்காக அவர் பெயரை மறைக்கப் பார்த்தவர்கள் உண்டு. கல்லூரி ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 1995-ல், அவர் மறைந்து 19 ஆண்டுகளுக்குப் பின்.

கேம்ப்பின் வாழ்வில் இருண்ட பக்கமும் உண்டு. 1888-ல் இடுப்புக்குக் கீழே பிடித்து வீழ்த்த அனுமதித்த விதிக்குப் பின், கூட்டமாகச் சேர்ந்து மோதும் உத்திகள் பெருகின. எலும்புகள் முறிந்தன, உயிர்களும் போயின. ஆட்டத்தையே தடை செய்யக் குரல் எழுந்தபோது, 1894-ல் பழைய ஆட்டக்காரர்களிடமும் பள்ளி, கல்லூரிக்காரர்களிடமும் கருத்துக் கேட்டு ஒரு நூல் வெளியிட்டார். சாதகமான பதில்களுக்கே அதில் இடம் கொடுத்தார் என்று பின்வந்த ஆய்வாளர்கள் குறை கூறியிருக்கிறார்கள். ஆட்டக்காரர்களை அத்தனை நுணுக்கமாக எடை போட்டவர், தான் நேசித்த ஆட்டத்தை எடை போடும்போது தராசைச் சற்றே சாய்த்துவிட்டார்.

1905-ல் நிலைமை முற்றியது. அந்தப் பருவத்தில் 18 பேர் இறந்ததாக ஷிகாகோ டிரிப்யூன் கணக்கிட்டது. அவ்வாண்டு அக்டோபரிலேயே ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் மூன்று பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசியிருந்தார். யேல் சார்பில் போனவர் கேம்ப். 1906-ல் விதிகள் மாறின. ஐந்து கஜத்துக்குப் பதில் பத்து கஜம் என்ற அவர் யோசனை ஏற்கப்பட்டது. பந்தை முன்னோக்கி எறியும் உரிமையும் வந்தது. அது கேம்ப்புக்குப் பிடிக்காத ஒன்று. அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் ஜான் ஹைஸ்மன் என்ற பயிற்சியாளர். இன்று அந்த எறிதல் இல்லாமல் ஆட்டமே இல்லை.

முதல் உலகப் போரின்போது கடற்படைப் பயிற்சி முகாம்களின் உடற்பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். அங்கே அவர் வகுத்த பன்னிரண்டு எளிய பயிற்சிகள் பிறகு வீடுகளுக்குள்ளும் நுழைந்தன. ஃபுட்பால் பார்த்தே இராதவர்களும் காலையில் அவர் பெயரைச் சொல்லிக் கைகால் நீட்டினார்கள்.

1925 மார்ச்சில் விதிக்குழுக் கூட்டத்துக்காக நியூயார்க் போனார். மார்ச் 14 காலையில் கூட்டத்துக்கு வரவில்லை. ஓட்டல் அறையில் படுக்கையிலேயே உயிர் பிரிந்திருந்தது. வயது 65. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக எந்த விதிகளைச் செதுக்கினாரோ அந்த வேலையின் நடுவிலேயே போனார்.

கோலியர்ஸ் பட்டியல் கிராண்ட்லண்ட் ரைஸ் கைக்குப் போனது. 1935-ல் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள தலைசிறந்த ஒரே கல்லூரி வீரருக்கு என்று ஒரு கோப்பை பிறந்தது. மறு ஆண்டு ஹைஸ்மன் மறைந்ததும் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஆல் அமெரிக்கன் பட்டம் இன்று ஒருவர் கையில் இல்லை. செய்தி நிறுவனம், பயிற்சியாளர் சங்கம், எழுத்தாளர் சங்கம் என்று ஐந்து அமைப்புகளின் பட்டியல்களை ஒப்பிடுகிறார்கள். மூன்றில் பெயர் இருந்தால் ஒருமித்த தேர்வு, ஐந்திலும் இருந்தால் ஏகமனதான தேர்வு. அந்த ஐந்தில் ஒன்று கேம்ப் பெயரால் 1967-ல் தொடங்கிய அமைப்பின் பட்டியல். ஒவ்வொரு முயற்சியையும் படத்தில் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடுகிறவர்களும் இப்போது வந்துவிட்டார்கள்.

யார் கண்ணில் பட்டார், யார் படவில்லை என்ற வழக்கு மட்டும் டிசம்பர்தோறும் தொடர்கிறது. கேம்ப் இருந்தபோதும் அப்படித்தான்.